சேவலின் கொண்டையும் பெடையின் இறகும்: பறவைகளின் இனப்பெருக்கப் பண்புகள் குறித்த ஹார்மோன் ஆய்வுகள் – ஓர் அறிவியல் வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பறவைகளில் ஆணையும் பெண்ணையும் வேறுபடுத்திக் காட்டும் கொண்டை, இறகு, அலகின் நிறம், குரல், போர்க்குணம், குஞ்சு பேணல் முதலிய பண்புகள் எவ்வாறு உருவாகின்றன என்பது உயிரியலின் பழமையான வினாக்களுள் ஒன்று. ஆண்மைக்குரிய பண்புகள் அனைத்தும் விந்தகச் சுரப்பின் விளைவே என்னும் கருத்து 1849ஆம் ஆண்டுச் சோதனையொன்றிலிருந்து வலுப்பெற்றது. அக்கருத்து எவ்வாறு வளர்ந்தது, எச்சோதனைகளால் தளர்ந்தது என்பதை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. பார்வைக்கு ஒத்த ஆண் பண்புகள் வெவ்வேறு பறவைக் குடும்பங்களில் வெவ்வேறு ஹார்மோன் வழிகளில் தோன்றுகின்றன. குருதியில் ஓடும் ஹார்மோனின் அளவைப் போலவே, அதனை ஏற்கும் திசுவில் நிகழும் மாற்றமும் பரிணாமத்தின் முதன்மைக் களமாகும். இவ்விரு முடிவுகளையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஹார்மோன், டெஸ்டோஸ்டீரோன், ஈஸ்ட்ரோஜன், பால் வேறுபாடு, பாலினத் தேர்வு, பரிணாமம், பறவையியல்.

1. முன்னுரை

விலங்குகளின் பால் வேறுபாட்டைப் பற்றிச் சிந்தித்தோர் பெரும்பாலும் பறவைகளையே சான்றாகக் கொண்டனர். இதற்குக் காரணங்கள் உள. ஆண் மயிலின் தோகை, சேவலின் கொண்டை, தூக்கணாங்குருவியின் மஞ்சள் மார்பு போன்ற அடையாளங்களைத் தொலைவிலிருந்தே காண இயலும். கோழியும் வாத்தும் புறாவும் வீட்டில் வளர்பவை. அவற்றைக் காயடிப்பதும் கலப்புச் செய்வதும் மக்கள் நெடுங்காலமாக அறிந்த தொழில்கள். ஆகவே சுரப்பியியல் என்னும் அறிவியல் துறை பிறப்பதற்கு முன்னரே அதற்கான சோதனைகள் கோழிக்கூட்டில் நடந்துவந்தன எனலாம்.

தொல்காப்பிய மரபியல் 'சேவல்' என்னும் ஆண்பாற் பெயரைச் சிறகுடையவற்றுக்குப் பொதுவாக்கி, மயிலை மட்டும் அதிலிருந்து விலக்குகிறது. இக்கட்டுரையில் குழப்பம் நேராதிருக்கச் 'சேவல்' என்பது ஆண்கோழியை மட்டுமே குறிக்கிறது. 'பெடை' என்பது எல்லாப் பறவையினங்களின் பெண்ணையும் குறிக்கிறது. 'இறகுப்போர்வை' என்பது ஒரு பறவையின் உடல் முழுவதையும் மூடியுள்ள இறகுத் தொகுதியாகும்.

2. ஹார்மோன் என்னும் சொல்லுக்கு முன்

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிய தம் நூலில் சேவலைக் காயடிக்கும் முறையை விவரித்துள்ளார். வளர்ந்த சேவலின் வாலடியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டால் கொண்டை வெளிறும், கூவல் நிற்கும், பெடை நாட்டம் அகலும். இளமையிலேயே சுட்டால் அப்பண்புகள் தோன்றவே மாட்டா என்பது அவர் கூற்று. சேவலை வென்ற பெட்டைக்கோழி கூவத் தொடங்குவதையும், அதன் கொண்டை நிமிர்வதையும், காலில் சிறு முள் தோன்றுவதையும் அவர் பதிவு செய்துள்ளார். பால் பண்புகள் உறுப்பு ஒன்றைச் சார்ந்தவை என்பதும், அவை ஒரு பாலிலிருந்து மறுபாலுக்குப் பெயரக்கூடியவை என்பதும் இப்பதிவுகளில் அடங்கியுள்ளன.

இத்தகைய பெயர்ச்சி எல்லாக் காலத்திலும் அறிவு வேட்கையோடு நோக்கப்படவில்லை. 1474ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், முட்டையிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சேவல் ஒன்று விசாரிக்கப்பட்டு, இயற்கைக்கு மாறானது என்று எரிக்கப்பட்டது. அண்டகம் நலிந்து சேவல் தோற்றம் பெற்ற பெட்டைக்கோழியாக அது இருந்திருக்கலாம். புற அடையாளமே உயிரின் உள்ளியல்பு என்று நம்பியோருக்கு, அடையாளமும் உறுப்பும் பொருந்தாத உடல் அச்சமூட்டும் புதிராகத் தோன்றியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்புதிர் ஆய்வுப் பொருளாயிற்று. இலண்டனில் வாழ்ந்த உடற்கூற்றியலாளர் ஜான் ஹன்டர், ஆணின் இறகுப்போர்வை பெற்ற ஃபெசன்ட் பெடைகளை அறுத்து ஆராய்ந்து 1780இல் கட்டுரை வெளியிட்டார். பலமுறை குஞ்சு பொரித்த ஒரு பெண் மயில் முதுமையில் தோகை பெற்ற நிகழ்வையும் அதில் குறிப்பிட்டார். இனப்பெருக்க உறுப்புகளை முதன்மைப் பண்புகளென்றும், இறகு, கால்முள் போன்றவற்றை இரண்டாம் நிலைப் பண்புகளென்றும் பிரித்துக் காணும் வழக்கம் அவரிடமிருந்தே உயிரியலுக்கு வந்தது.

3. கோட்டிங்கன் சோதனை

1848 ஆகஸ்டு 2ஆம் நாள் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்னால்டு அடால்ஃப் பெர்த்தோல்டு ஆறு இளஞ்சேவல்களில் அறுவைச் சோதனையைத் தொடங்கினார். இரண்டு சேவல்களின் இரு விந்தகங்களும் நீக்கப்பட்டன. வேறு இரண்டில் ஒரு விந்தகம் நீக்கப்பட்டு, மற்றது இடம்பெயர்க்கப்பட்டு வயிற்றறையிலேயே விடப்பட்டது. எஞ்சிய இரண்டில் இரு விந்தகங்களும் எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் வயிற்றறையிலும் மற்றதன் ஒரு விந்தகம் வைக்கப்பட்டது.

முதல் இரண்டும் கொண்டை சுருங்கி, சண்டையையும் கூவலையும் மறந்த காயடித்த சேவல்களாயின. மற்ற நான்கும் இயல்பான சேவல்களாக வளர்ந்தன. பின்னர் அவற்றை அறுத்துப் பார்த்தபோது, இடம்பெயர்ந்த விந்தகங்கள் குடலருகே ஒட்டிப் புதிய குருதிக்குழல்களைப் பெற்றிருந்தன; பழைய நரம்புத் தொடர்பு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. எனவே விந்தகம் குருதியின்மீது செயற்பட்டு, அதன் வழியாக உடல் முழுவதையும் ஆள்கிறது என்று பெர்த்தோல்டு முடிவு செய்தார். 1849இல் வெளிவந்த அக்கட்டுரை ஒருசில பக்கங்களே கொண்டது.

உடலின் இயக்கங்களை நரம்புகளைக் கொண்டே விளக்க முற்பட்ட காலம் அது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ருடால்ஃப் வாக்னர் இச்சோதனையைத் திரும்பச் செய்ய முயன்று வெற்றி பெறவில்லை. பெர்த்தோல்டும் இவ்வழியில் மேலும் செல்லவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அக்கட்டுரை கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும் செக்ரெட்டின் என்னும் குடற்சுரப்பைக் கண்டறிந்தனர். 1905இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்னும் சொல்லை அறிவியலில் வழங்கினார். அதன் பின்னரே பெர்த்தோல்டின் சோதனை துறையின் தொடக்கமாக மீண்டும் வாசிக்கப்பட்டது.

இங்கு ஒன்றைச் சுட்ட வேண்டும். பெர்த்தோல்டின் முடிவுக்கு அடிப்படையானவை கொண்டை, குரல், சண்டை, பெடை நாட்டம் ஆகியவை. அவை விந்தகத்தோடு மறைந்து விந்தகத்தோடு மீண்டன. ஆனால் காயடித்த சேவலின் அரிவாள் போன்ற வால் இறகுகளும் பளபளக்கும் கழுத்திறகுகளும் மறைவதில்லை. கோழி வளர்ப்போர் அனைவரும் அறிந்த இவ்வுண்மை, அறிவியலில் தன் முழுப் பொருளைப் பெற மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

4. டார்வினும் வாலஸும்

சார்லஸ் டார்வின் 1871இல் வெளியிட்ட மனிதத் தோற்றம் பற்றிய நூலில் பாலினத் தேர்வுக் கோட்பாட்டை விரிவாக விளக்கினார். அதில் நான்கு இயல்கள் பறவைகளுக்கே ஒதுக்கப்பட்டன. பெடைகளின் விருப்பமும் ஆண்களிடையேயான போட்டியும் தலைமுறை தலைமுறையாக ஆணின் அழகையும் போர்க்கருவிகளையும் வளர்த்தன என்பது அவர் கோட்பாடு. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வேறு கோணத்தில் நோக்கினார். திறந்த கூட்டில் அடைகாக்கும் பெடை பகையின் கண்ணுக்குத் தப்ப வேண்டும். ஆதலின் இயற்கைத் தேர்வு பெடையின் நிறத்தை மங்கச் செய்தது என்றார் அவர். விளக்கப்பட வேண்டியது ஆணின் ஒளியா, பெண்ணின் மங்கலா என்பதே இருவருக்கும் இடையிலிருந்த பிணக்கின் சாரம்.

டார்வின் 1868ஆம் ஆண்டு நூலில், ஒவ்வொரு பாலிலும் மறுபாலின் பண்புகள் உறங்கிக் கிடக்கின்றன என்று எழுதியிருந்தார். முதுமையில் ஆணின் இறகுப்போர்வை பூண்ட பெண் வாத்தும், முட்டைமேல் அமர்ந்து குஞ்சு வளர்க்கும் காயடித்த சேவலும் அவர் காட்டிய சான்றுகளுள் அடங்கும். உறங்குவதை எழுப்புவது எது, எழவிடாமல் தடுப்பது எது என்பதைச் சோதனையால் காட்டும் வழி அன்று இல்லை. அவ்வழி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறந்தது.

5. காயடித்த சேவலின் இறகு

அமெரிக்கக் கோழியின ஆய்வாளர் குடேல் 1916இல் வெளியிட்ட ஆய்வில், வாத்துப் பெடைகளிலும் கோழிப் பெடைகளிலும் அண்டகத்தை நீக்கினார். அவை அடுத்து இறகு உதிர்த்து முளைப்பித்தபோது ஆணின் இறகுப்போர்வையைப் பெற்றன. விந்தகம் நீக்கப்பட்ட சேவலோ தன் இறகுகளை இழக்கவில்லை. இவ்விரு முடிவுகளையும் சேர்த்து நோக்கினால் ஒரே பொருள் கிட்டும்: கோழியினத்தில் ஆணுக்குரிய இறகுகள் தோன்ற விந்தகச் சுரப்பு தேவையில்லை, அண்டகச் சுரப்பு இல்லாதிருத்தலே போதும். மங்கிய இறகே ஹார்மோனால் ஆக்கப்படுவது. அந்த ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் என்பது பின்னர் உறுதியாயிற்று.

ஆகச் சேவலின் உடலில் இருவகை ஆண் பண்புகள் அருகருகே உள்ளன. கொண்டை டெஸ்டோஸ்டீரோனால் வளர்வது. வாலிறகோ ஈஸ்ட்ரோஜன் இன்மையால் வெளிப்படுவது. அரிஸ்டாட்டில் கண்ட கூவும் பெட்டைக்கோழியும் இவ்வழியே விளக்கம் பெற்றது. கோழிப் பெடையில் இடப்புற அண்டகமே வளர்ந்து செயற்படும். வலப்புறத்தது வளராத எச்சமாக நிற்கும். சிக்காகோவில் லிங்கன் டாம் 1920களில் நடத்திய சோதனைகளில், இட அண்டகம் நீக்கப்பட்டபின் அவ்வெச்சம் பெரும்பாலும் விந்தகத்தை ஒத்த உறுப்பாக வளர்வது தெரியவந்தது. நோயால் இட அண்டகம் அழிந்தாலும் இது நிகழலாம். அப்போது ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இறகு மாறுகிறது. ஆண் ஹார்மோன் பெருகுவதால் கொண்டையும் கூவலும் வருகின்றன.

பழ ஈ ஆய்வால் புகழ்பெற்ற தாமஸ் ஹன்ட் மார்கன் 1919இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் வியப்பூட்டியது. இங்கிலாந்தில் சர் ஜான் செப்ரைட் உருவாக்கிய குள்ளக் கோழியினத்தில் சேவலுக்கும் பெடையின் இறகுப்போர்வையே உண்டு. அச்சேவல்களின் விந்தகங்களை மார்கன் நீக்கியபோது அவை சேவலுக்குரிய இறகுகளைப் பெற்றன. காயடிப்பால் ஓர் ஆண் மேலும் ஆண்தோற்றம் பெறுவது முரணாகத் தோன்றியது. இதற்கான விடை 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் ஜார்ஜ், ஜீன் வில்சன் ஆகியோரின் ஆய்வில் கிட்டியது. டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் என்னும் நொதி செப்ரைட் சேவலின் தோலில் மிகுதியாக இருந்தது. விந்தகம் சுரந்த ஆண் ஹார்மோனைத் தோலே பெண் ஹார்மோனாக மாற்றிவந்தது. அந்நொதிக்குரிய மரபணுவின் அருகே பழைய ரெட்ரோவைரஸ் துண்டொன்று செருகப்பட்டதே இதன் மூலம் என்பதைப் பிந்தைய மரபணு ஆய்வுகள் காட்டின. சுரப்பி மாறாமல், ஹார்மோன் மாறாமல், அதனைப் பெறும் திசு ஒன்று மாறியதால் மட்டுமே ஓர் இனத்தின் ஆண் தோற்றம் முழுவதும் மாறிவிட்டது.

இதே காலத்தில் வேதியியலாளர்கள் காயடித்த சேவலின் கொண்டையை அளவுகோலாகக் கொண்டனர். ஒரு சாற்றைச் செலுத்தினால் கொண்டை எவ்வளவு வளர்கிறது என்பதே அச்சாற்றின் வலிமைக்கு அளவு. சிக்காகோவில் ஃபிரெட் காக் குழுவினர் இம்முறையைச் செம்மைப்படுத்தினர். 1931இல் அடால்ஃப் பூட்டனான்ட் ஆண்களின் சிறுநீரிலிருந்து ஆண்ட்ரோஸ்டீரோனைப் பிரித்தெடுத்தார். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழு காளையின் விந்தகத்திலிருந்து டெஸ்டோஸ்டீரோனைப் பிரித்தது. அவ்வாண்டே பூட்டனான்டும் ரூசிக்காவும் அதனை ஆய்வகத்தில் தனித்தனியே உருவாக்கினர். கொண்டையின் வளர்ச்சியைக் கொண்டு அடையாளம் காணப்பட்டதால் டெஸ்டோஸ்டீரோனுக்கு 'ஆண்மையின் ஹார்மோன்' என்னும் பெயர் எளிதில் ஒட்டிக்கொண்டது. இறகை அளவுகோலாகக் கொண்டிருந்தால் வரலாறு வேறு சொல்லைத் தந்திருக்கும்.

6. ஒரே தோற்றம், பல வழிகள்

கோழிக்கும் வாத்துக்கும் பொருந்தியது எல்லாப் பறவைகளுக்கும் பொருந்துமா என்னும் வினா 1930களில் எழுந்தது. விடை 'இல்லை' என்பதே.

அமெரிக்காவின் அயோவாவில் எமில் விட்ச்சி ஆப்பிரிக்க நெசவுக் குருவிகளை ஆராய்ந்தார். இனப்பெருக்கப் பருவத்தில் அவற்றின் ஆண்கள் செந்நிறமும் கருநிறமும் பூணும். பருவம் முடிந்ததும் பெடையைப் போல மங்கும். விந்தகம் நீக்கப்பட்ட ஆண்களும் பருவந்தோறும் அதே ஒளியைப் பூண்டன. அவ்விறகுக்குக் காரணம் விந்தகம் அன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரக்கும் லூட்டினைசிங் ஹார்மோனே என விட்ச்சி காட்டினார். பெடையில் ஈஸ்ட்ரோஜன் அதனைத் தடுத்துவைக்கிறது. நம் வயல்வெளிகளில் கூடு பின்னும் தூக்கணாங்குருவியிடமும் இதையொத்த இயக்கம் உண்டு என்பதைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தப்ளியாலும் சக்சேனாவும் 1960களின் தொடக்கத்தில் ஆராய்ந்து வெளியிட்டனர்.

விட்ச்சியின் வழிவந்த கெக் சிட்டுக்குருவியை எடுத்துக்கொண்டார். ஆண் சிட்டின் கருந்தொண்டையும் செம்பழுப்பு முதுகும் விந்தகத்தை நீக்கினாலும் மாறவில்லை. அண்டகத்தை நீக்கினாலும் பெடைக்கு அவை வரவில்லை. ஆனால் பருவத்தில் கறுக்கும் அலகு விந்தக ஹார்மோனையே சார்ந்திருந்தது. ஓர் அடி நீளமும் இல்லாத ஒரு பறவையில் இறகுக்கு ஒரு விதி, அலகுக்கு மற்றொரு விதி.

நெதர்லாந்தில் வான் ஓர்ட், யுங்கே ஆகியோர் 1930களில் பேதை உள்ளானை ஆராய்ந்தனர். குளிர்காலத்தில் நம் நாட்டு நீர்நிலைகளுக்கு மங்கிய தோற்றத்தோடு வலசை வரும் இப்பறவையின் ஆண், வடக்கே இனப்பெருக்கக் களத்தில் கழுத்தைச் சுற்றிப் பெரிய இறகு வளையம் பூணும். விந்தகம் நீக்கப்பட்ட ஆண்கள் அவ்வளையத்தைப் பெறவில்லை. இங்கு பெர்த்தோல்டின் விதி இறகுக்கும் பொருந்தியது.

இம்முடிவுகள் நெடுங்காலம் தனித்தனிச் செய்திகளாகவே இருந்தன. 1995இல் ஓவன்ஸ், ஷார்ட் ஆகியோரும், 1999இல் ரெபெக்கா கிம்பால், டேவிட் லிகான் ஆகியோரும் அவற்றைப் பறவைகளின் குடிவழி மரத்தில் பொருத்தி நோக்கினர். தீக்கோழி, வாத்து, கோழி ஆகிய தொன்மையான கிளைகளில் ஈஸ்ட்ரோஜன் வழியும், கரைப்பறவைகளில் டெஸ்டோஸ்டீரோன் வழியும், நெசவுக் குருவிகளில் லூட்டினைசிங் ஹார்மோன் வழியும், சிட்டு போன்ற பல பாடும் பறவைகளில் ஹார்மோன் சாராத வழியும் காணப்பட்டன. ஈஸ்ட்ரோஜன் வழியே பழமையானதாக இருக்கலாம் என்பது கிம்பால், லிகான் ஆகியோரின் கருத்து.

டார்வின்–வாலஸ் பிணக்குக்கு இது புதிய ஒளி தருகிறது. கோழியிலும் மயிலிலும் ஒளிரும் இறகே தடையின்றி வெளிப்படுவது. பெடையின் மங்கலே ஹார்மோனால் வருவது. வாலஸின் உள்ளுணர்வுக்கு இது அரணாகத் தோன்றும். ஆயினும் இன்றைய உடலில் தடையின்றி வெளிப்படுவது எதுவோ அதுவே முன்னோர் தோற்றம் என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆணின் அழகைப் பாலினத் தேர்வு வளர்க்க, பெடையின் ஈஸ்ட்ரோஜன் அதனைப் பெடையில் மட்டும் மறைக்கும் வழி பின்னர் அமைந்திருக்கவும் கூடும். மற்றொன்றும் இங்கு எண்ணத்தக்கது. ஆணின் அழகு அவனது வலிமைக்குச் சான்று, ஏனெனில் அதை ஆக்கும் டெஸ்டோஸ்டீரோனைத் தாங்க உடல்நலம் வேண்டும் என்று வாதிடும் கோட்பாடுகள் உள. மயில் தோகைக்கு டெஸ்டோஸ்டீரோன் தேவையில்லையெனில் அவ்வாதம் அங்கு நிற்பதில்லை.

7. பங்கு மாறிய பறவைகள்

சில பறவையினங்களில் பெடையே பெரியது, ஒளிமிக்கது, துணைக்காகப் போட்டியிடுவது. ஆண் அடைகாத்துக் குஞ்சு பேணும். நம் குளங்களில் வாழும் நீளவால் இலைக்கோழி இத்தகையது. வட அமெரிக்காவின் வில்சன் ஃபாலரோப் என்னும் கரைப்பறவை இவ்வகையில் மிகுதியாக ஆராயப்பட்டது.

பெடைக்கு ஆண் ஹார்மோன் மிகுதி என்பதே எளிதில் தோன்றும் விளக்கம். 1964இல் ஜான்ஸ் இப்பறவைகளுக்கு டெஸ்டோஸ்டீரோன் செலுத்தியபோது இரு பாலிலும் பருவ இறகுகள் முளைத்தன. 1967இல் ஹோன், செங் ஆகியோர் பெடையின் அண்டகத்தில் ஆண் ஹார்மோன் மிகுதியாக இருப்பதாக அறிவித்தனர். விளக்கம் முடிந்தது போலத் தோன்றியது. ஆனால் 1986இல் ஃபிவிசானி, கால்வெல், ஓரிங் ஆகியோர் இயற்கையில் வாழும் பறவைகளின் குருதியை அளந்தபோது, பெடையினும் ஆணிடமே டெஸ்டோஸ்டீரோன் மிகுதியாக இருந்தது. பங்கு மாறியிருந்தது, குருதியின் ஹார்மோன் விகிதம் மாறவில்லை. 1989இல் ஷ்லிங்கரும் உடனாய்வாளர்களும் தோலை ஆராய்ந்தபோது, டெஸ்டோஸ்டீரோனை வீரியமிக்க வடிவாக மாற்றும் நொதி பெடையின் தோலில் கூடுதலாகச் செயற்படுவதைக் கண்டனர். குறைந்த அளவு ஹார்மோனையும் பெடையின் தோல் நிறைவாகப் பயன்கொள்கிறது.

செம்போத்தின் உறவினமான ஆப்பிரிக்கக் கருஞ்செம்போத்தில் இதே பாடம் மூளையில் கிட்டியது. இவ்வினத்திலும் பெடையே எல்லை காத்துக் கூவும். ஃபோய்க்ட், கோய்மான் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், போர்க்குணத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியொன்றில் ஆண் ஹார்மோன் ஏற்பிக்குரிய மரபணு ஆணினும் பெடையில் மிகுதியாகச் செயற்பட்டது. செப்ரைட் சேவல், ஃபாலரோப், கருஞ்செம்போத்து ஆகிய மூன்றும் உறவால் தொலைவானவை. மூன்றிலும் மாற்றம் நிகழ்ந்த இடம் ஹார்மோனைப் பெறும் திசுவே.

8. ஹார்மோனின் விலை

ஆய்வகத்திலிருந்து காட்டுக்குச் செல்ல, ஒரு துளிக் குருதியில் ஹார்மோனை அளக்கும் முறை வேண்டியிருந்தது. ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் உருவாக்கிய கதிரியக்கத் தடுப்புமுறைச் சோதனை அதற்கு வழி செய்தது. 1970களில் ஜான் விங்ஃபீல்டு, டொனால்டு ஃபார்னர் ஆகியோர் இயற்கையில் வாழும் குருவிகளைப் பிடித்துக் குருதி எடுத்து, மீண்டும் பறக்கவிட்டு ஆராயத் தொடங்கினர்.

1990இல் விங்ஃபீல்டும் உடனாய்வாளர்களும் 'அறைகூவல் கருதுகோளை' முன்வைத்தனர். ஒரு துணையோடு வாழ்ந்து குஞ்சுக்கு இரை ஊட்டும் ஆண்களில் டெஸ்டோஸ்டீரோன் பருவம் முழுவதும் உயர்ந்து நிற்பதில்லை. எல்லைப் போட்டி, பெடையின் கருவளக் காலம் போன்ற சமயங்களில் உயர்ந்து பின் தாழ்கிறது. பல துணை கொண்டு குஞ்சைப் பேணாத ஆண்களில் அது நெடுநாள் உயர்ந்தே நிற்கிறது. இதன் காரணத்தைச் சோதனைகள் காட்டின. 1987இல் ஹெக்னர், விங்ஃபீல்டு ஆகியோர் ஆண் சிட்டுக்குருவிகளில் டெஸ்டோஸ்டீரோனைச் செயற்கையாக உயர்த்தியபோது அவை குஞ்சுகளுக்கு இரையூட்டுவதைக் குறைத்தன. கூட்டிலிருந்து பறந்த குஞ்சுகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

பேணலுக்கும் தனி ஹார்மோன் உண்டு. ஆஸ்கார் ரிடில் குழுவினர் 1930களின் தொடக்கத்தில், புறாவின் தீனிப்பையில் குஞ்சுக்கான பால் சுரக்கச் செய்யும் பிட்யூட்டரி ஹார்மோனுக்குப் புரோலாக்டின் என்று பெயரிட்டனர். அது பெடைக்கு மட்டும் உரியதன்று. ஆண் புறாவும் அதன் வழியே குஞ்சுக்குப் பாலூட்டுகிறது. அடைகாக்கும் ஆண் ஃபாலரோப்பிலும் புரோலாக்டின் பெடையினும் மிகுந்து காணப்பட்டது.

டெஸ்டோஸ்டீரோன் போட்டியில் வெற்றி தருமெனில், எல்லா ஆண்களிலும் அது ஏன் உயர்ந்துவிடவில்லை? இவ்வினாவை எலன் கெட்டர்சன், வால் நோலன் ஆகியோர் அமெரிக்காவின் வர்ஜீனியா மலைக்காட்டில் ஜங்கோ என்னும் குருவியிடம் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். ஹார்மோன் கூட்டப்பட்ட ஆண்கள் மிகுதியாகப் பாடின, தொலைவு சுற்றின, பிற கூடுகளில் கூடுதல் வாரிசுகளைப் பெற்றன. ஆனால் குஞ்சுகளைக் குறைவாகப் பேணின. அவற்றின் வாழ்நாளும் குறைந்தது. 2006இல் வெளியான நெடுங்காலக் கணக்கு, வாரிசுப் பேற்றில் இவ்வாண்களே முந்தியதைக் காட்டியது. அங்ஙனமாயின் தடை ஆணிடம் மட்டும் இல்லை. ஆணுக்கும் பெடைக்கும் மரபணுத் தொகுதி பெரும்பாலும் பொது. ஆணில் ஹார்மோனை உயர்த்தும் மாற்றம் பெடையிலும் உயர்த்தலாம். டெஸ்டோஸ்டீரோன் கூட்டப்பட்ட பெடைகளின் இனப்பெருக்கம் பாதிப்புற்றதை இதே குழுவின் ஆய்வுகள் காட்டின. ஓர் ஆணின் பரிணாமப் பாதையை அவ்வினத்துப் பெடையின் உடல் வரையறுக்கிறது.

9. முட்டைக்குள் தாயின் பங்கு

1993இல் ஹூபர்ட் ஷ்வாபல் கேனரிப் பறவையின் முட்டை மஞ்சட்கருவில் தாயின் டெஸ்டோஸ்டீரோன் இருப்பதையும், ஒரே ஈட்டில் பின்னர் இடப்படும் முட்டைகளில் அது கூடுவதையும் கண்டறிந்தார். தாமதமாகப் பொரியும் குஞ்சு மூத்தவற்றோடு போட்டியிட இது துணைசெய்யும். 1997இல் அவரும் உடனாய்வாளர்களும் உண்ணிக்கொக்கில் இதற்கு நேர்மாறானதைக் கண்டனர்: முதலில் இட்ட முட்டைகளிலேயே ஆண் ஹார்மோன் மிகுதி. இளைய குஞ்சை மூத்தவை கொத்தி ஒடுக்குவது உண்ணிக்கொக்கில் வழக்கம். இரை குறைந்தால் இளையது மடியும். ஒரே ஹார்மோன் ஓர் இனத்தில் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவும், மற்றோர் இனத்தில் அதனைக் கூர்மையாக்கவும் பயன்படுகிறது.

10. அண்மைக் கண்டுபிடிப்புகள்

2010இல் எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் கிளின்டன் குழுவினர், உடலின் ஒருபுறம் ஆணாகவும் மறுபுறம் பெண்ணாகவும் தோன்றிய கோழிகளை ஆராய்ந்தனர். இருபுறமும் ஓடியது ஒரே குருதி. எனினும் தாடி, மார்புத் தசை, கால்முள் ஆகியவை இருபுறமும் வேறுபட்டன. பறவையின் செல்கள் தம் குரோமோசோம்களுக்கு ஏற்ற பால் அடையாளத்தைத் தாமே ஓரளவு தாங்கி நிற்கின்றன என்பது இதனால் தெளிந்தது. பெர்த்தோல்டின் குருதிக் கொள்கைக்கு இது மறுப்பன்று, எல்லை வகுப்பு.

பேதை உள்ளானிலும் புதிய திறப்பு நேர்ந்தது. இதன் ஆண்கள் மூவகை: எல்லை காக்கும் கருவளையத்தினர், அவர்களை அண்டி வாழும் வெண்வளையத்தினர், பெடையைப் போலவே தோன்றும் அரிய வகையினர். குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியதே பின்னிரு வகைகளின் மூலம் என்று 2016இல் இரு குழுக்கள் அறிவித்தன. அவ்விரு வகையினரின் குருதியில் டெஸ்டோஸ்டீரோன் குறைவு. அப்பகுதியிலுள்ள ஒரு மரபணுவின் நொதி டெஸ்டோஸ்டீரோனை விரைந்து வீரியம் குறைந்த வடிவாக மாற்றுவதே காரணம் என்று 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கு மாறியது திசுவின் ஏற்புத்திறன் மட்டுமன்று, குருதியின் அளவும்தான். பரிணாமத்துக்கு இவ்விரு வழிகளும் திறந்தே உள்ளன.

11. முடிவுரை

பாசல் நகரத்தார் ஒரு பறவையை எரித்தது, ஆணின் அடையாளம் பெண்ணின் உடலில் இருக்கலாகாது என்று கருதியதால். பெர்த்தோல்டு அவ்வடையாளத்தை ஒரு சுரப்பின் விளைவாகக் காட்டினார். குடேலும் மார்கனும் சில ஆண் அடையாளங்கள் எந்தச் சுரப்பின் விளைவும் அல்ல என்று காட்டினர். விட்ச்சியும் கெக்கும் ஒரே தோற்றத்துக்குப் பல வழிகள் உண்டு என்று நிறுவினர். ஃபாலரோப்பும் கருஞ்செம்போத்தும் பெடையின் போர்க்குணத்துக்கு ஆணினும் மிகுந்த டெஸ்டோஸ்டீரோன் தேவையில்லை என்பதை உணர்த்தின.

இவ்வரலாற்றிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, 'ஆண் ஹார்மோன்', 'பெண் ஹார்மோன்' என்னும் பெயர்கள் அவற்றைக் கண்டறியப் பயன்பட்ட சோதனைகளின் சுவடுகளே. இயற்கையின் பிரிவுகள் அல்ல. கற்பிக்கும் நூல்களில் இப்பெயர்களை வழங்கும்போது இவ்வேறுபாட்டைச் சுட்டுவது தேவை. இரண்டாவது, ஹார்மோன் என்பது உடல் முழுதும் ஒலிக்கும் பொது அறிவிப்பு. அதைக் கேட்டு என்ன செய்வது என்பதைத் தோலும் கொண்டையும் மூளையும் தத்தம் மரபுக்கேற்பத் தீர்மானிக்கின்றன. அறிவிப்பை மாற்றினால் உடலின் பல பகுதிகள் ஒருங்கே மாறும். கேட்கும் திசுவை மாற்றினால் ஒரு பண்பு மட்டும் மாறும். பறவைகளின் பால் பண்புகள் இத்தனை வகையாகப் பெருகியதன் காரணங்களுள் இது முதன்மையானது. சேவலின் தலையிலுள்ள கொண்டையும் வாலிலுள்ள இறகும் ஒரே உடலில் இரு வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டு நிற்பது இதற்குப் போதிய சான்று.